மஞ்சள் எஞ்சினும் அதன் அழுக்கும்

என் ரயில் எஞ்சினுக்கு மஞ்சள் அடித்துக் கொடுத்த அண்ணன், அதே எஞ்சினை மறுபடி பார்த்த பிறகுதான் என்னோடு பேசுவதை நிறுத்தினார். அதைச் சொல்வதற்கு முன்னால் எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

உண்மையான டீசல் எஞ்சினை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த மாடல் அது. ஒரு சாண் நீளம் இருக்கும். எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த தொற்றுக் காலத்தில், பினாங்கில் யாரோ இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருந்தார்கள். ஓடாது என்று விற்றவரே எழுதியிருந்தார். ஓடாது என்பதைப் படித்த பிறகுதான் எனக்கு அதன் மேல் ஆசை வந்தது. கூலிமில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஈயப் பற்று சரியாகப் பிடிக்காத சர்க்கியூட் போர்டுகள் என் மேசைக்கு வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதிதாக வைத்து அனுப்ப வேண்டும். அந்த மாதம் எங்கள் பிரிவை மூடியிருந்தார்கள். என் கைகளுக்கு வேலை இல்லை. மாடல் ரயில் பழுது பார்க்கிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் செய்வதில் பாதியை நான் தினமும் செய்கிறேனே என்று தோன்றியது.

பெட்டியைப் பிரித்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். எங்கள் மகன் ஜொகூரில் வேலை செய்கிறான், இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"பேரப்பிள்ள வர்றதுக்கு முன்னாடியே வாங்கியாச்சா?" என்றார்.

"எனக்குத்தாங்க."

அவர் எஞ்சினைக் கையில் எடுத்து, சக்கரங்களை விரலால் சுழற்றப் பார்த்தார். சுழலவில்லை. "இஞ்சின் ஜாம்" என்று டிரைவர் தோரணையில் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

மேல்கூட்டைக் கழற்றினால் உள்ளே மசகு காய்ந்து பழைய மெழுகுவத்தி போல இறுகியிருந்தது. பல்சக்கரம் ஒன்றில் விரிசல். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் செப்புத் தகடுகள் சக்கரத்தைத் தொடாமல் விலகி நின்றன. ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் மசகைச் சுரண்டி எடுத்தேன். சக்கரங்களின் கறுப்பைத் துடைத்தேன். தகடுகளை இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துத் தொட வைத்தேன். பல்சக்கரம் வெளிநாட்டிலிருந்து வந்து சேரப் பல வாரம் ஆனது. அதை மாட்டிய ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் போட்டிருந்த தண்டவாளத்தில் எஞ்சின் ஒரு விரற்கடை நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஓடுகிற எஞ்சின் ஏதோ அமெரிக்கக் கம்பெனியின் நிறத்தில் ஓடுவது எனக்குப் பிடிக்கவில்லை. சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனைத் தாண்டிச் சரக்கு இழுத்துப் போகும், நீலப் பட்டை போட்ட மஞ்சள் எஞ்சின்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வகை மாடலாக எளிதில் கிடைப்பதில்லை. அதனால் இதையே கூடியவரை மாற்றினேன். பிளாஸ்டிக்கில் வார்த்திருந்த கைப்பிடிக் கம்பிகளைப் பிளேடால் சீவி எடுத்துவிட்டு, மின்கம்பியின் உள்ளிருந்து உருவிய செப்பு இழைகளை வளைத்து, மயிரளவு துளை போட்டுச் சொருகினேன். முன்பக்கம் பிரேக் குழாய்கள், கண்ணாடி துடைப்பான், கூரையில் ஹாரன். வேலை செய்யும்போது மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கம் தொழிற்சாலையில் வந்தது. வீட்டிலும் அப்படியே இருந்திருக்கிறேன். "மூச்சு விடு" என்று என் வீட்டுக்காரர் அவ்வப்போது வந்து சொல்லிவிட்டுப் போவார்.

பெயிண்ட் மட்டும் எனக்கு வரவில்லை. தூரிகையால் மஞ்சள் அடித்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் தூரிகையின் ஒவ்வொரு முடியும் போன வழி தெரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன். இன்னும் மோசம்.

"ஏன் சிரமப்படுறே? அண்ணன்கிட்ட குடு" என்றார் வீட்டுக்காரர்.

அண்ணன் என்பவர் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே, சிடாம் கிரி சாலையைப் பார்த்த கடைசி வீட்டில் இருப்பவர். வீட்டுக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டு, அடிபட்ட காடிகளுக்கு, அதாவது கார்களுக்கு, ஒடுக்கெடுத்துப் பெயிண்ட் அடிக்கிறார். எனக்குச் சொந்தம் கிடையாது. ஆனால் நாங்கள் இங்கே குடிவந்த நாளிலிருந்து அவர் எனக்கு அண்ணன், அவர் மனைவி அண்ணி. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டிலிருந்து கேக் வரும், தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து முறுக்கு போகும்.

ஒரு காடியின் கதவுக்குப் பட்டி பூசித் தேய்த்துக்கொண்டிருந்தவர், எஞ்சினைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கினார். செப்புக் கம்பியைத் தொடாமல் அடியில் பிடித்தார். அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"அலமாக். இந்தக் கம்பியெல்லாம் நீ போட்டதா தங்கச்சி?"

"ஆமாண்ணே. பெயிண்டுதான் சூசாவா இருக்கு, வரமாட்டேங்குது."

"பிளாஸ்டிக் லா இது. தின்னர் பட்டா கரைஞ்சிடும். முதல்ல உள்பக்கம் அடிச்சுப் பாக்கிறேன். பம்பருக்குப் போடுற பிரைமர் இருக்கு, பொலே, செய்யலாம்."

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். பழைய சட்டைத் துணி விரித்த ஸ்டூலில் எஞ்சின் நின்றது. அத்தனை சின்ன உடம்பில் மஞ்சள் ஒரே சீராகப் படர்ந்திருந்தது. நான் சொருகிய கம்பிகளில் ஒன்றுகூடப் பெயிண்டில் மூழ்கவில்லை. நீலப் பட்டையின் ஓரம் பிளேடால் வெட்டியது போல இருந்தது. மேலே கிளியர் கோட் போட்டிருந்தார். கொட்டகையின் டியூப் லைட் அதில் கோடாகத் தெரிந்தது. அவரும் அதை விட்டு நகராமல் நின்றார். காடி எடுக்க வருகிறவர்களிடம் காட்ட வேண்டும், இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்று கேட்டார். இருந்தது. பிறகு அவரே ஒரு ஷூ பெட்டியில் பஞ்சு வைத்து வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்து நான் செய்ததுதான் பிரச்சினை.

மாடல் செய்கிறவர்களுக்குப் பெயிண்ட் முடிந்ததும் அடுத்த வேலை, அதை ஓடித் தேய்ந்தது போல ஆக்குவது. மழையும் வெயிலும் புகையும் பட்ட ஒரு பொருளாகக் காட்டினால்தான் சின்னது என்பது மறந்துபோகும். எனக்கு அதில்தான் ஆசை அதிகம். பளபளப்பை மங்கவைக்கும் பூச்சை முதலில் அடித்தேன். தண்ணீராக நீர்த்த பழுப்பைப் பூசித் துடைத்தேன். சாக்பீஸ் போன்ற வண்ணக் கட்டிகளைத் தேய்த்துப் பொடியாக்கி, புகைபோக்கியைச் சுற்றிக் கறுப்பும் அடிப்பக்கம் செம்மண் நிறமும் வைத்தேன். முடித்துப் பார்த்தபோது எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. அதே ஷூ பெட்டியில் வைத்து அண்ணனிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவர் பெட்டியைத் திறந்தார். கையில் எடுக்கவில்லை.

"என்னா லா இது?"

"பழசாக்கியிருக்கேண்ணே. நெசமா ஓடுற எஞ்சின் மாதிரி."

"நா அடிச்சுக் குடுத்தது எங்க?"

"அதுமேலதாண்ணே…"

"கிளியர் போட்டேனே. அதுமேலயா?"

நான் ஏதோ விளக்கினேன். உண்மையான எஞ்சின் இப்படித்தான் இருக்கும், வெளிநாட்டில் இதற்கென்றே போட்டிகூட வைக்கிறார்கள் என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பது போலவே நின்றார். பிறகு பெட்டியை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "சரிம்மா, வேல கெடக்கு" என்று ஒரு காடிக் கதவைத் தேய்க்கப் போய்விட்டார். என்னைத் தங்கச்சி என்று அவர் கூப்பிடாத முதல் தடவை அது.

அதன் பிறகு வழியில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அண்ணியைப் பார்த்தேன். பலாப்பழம் வாங்கிக்கொண்டிருந்தவர் என்னை ஓரமாக அழைத்தார்.

"அவரு கோவமா இல்லம்மா. வருத்தம். அந்தப் பொம்ம எஞ்சின அடிக்கிறப்ப கொட்டாயில ரேடியோகூட வைக்கல, தெரியுமா? துருவ எடுக்கிறதுதான் அவரு பொழப்பு. அடிபட்டு வந்த காடி, அடிபட்டதே தெரியாமத் திரும்பிப் போவணும். நீ துருவ வரைஞ்சு கொண்டாந்து காட்டுனா, அவரு என்னா செய்வாரு?"

வீட்டுக்கு நடந்து வரும்போது என் வேலையும் அதுதானே என்று நினைத்துக்கொண்டேன். நான் பழுது பார்த்த போர்டு நன்றாக வந்திருந்தால், பழுதானது என்றே யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷம் என் கைவேலையை நானே மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதனால்தான் வீட்டில் அழுக்கு பூச இத்தனை ஆசையா என்று தெரியவில்லை. ஆனால் அந்த ஆசைக்கு அவருடைய கைவேலையை எடுத்துக்கொண்டுவிட்டேன், ஒரு வார்த்தை கேட்காமல்.

கொஞ்ச நாள் எஞ்சினைத் தொடவில்லை. சரக்கு வேகன்களில் இறங்கினேன். கண்டெய்னர் ஏற்றும் தட்டை வேகன்கள், சிமெண்ட் வேகன்கள். இந்தத் தடவை தூரிகையாலேயே பெயிண்ட் அடித்து, வழக்கம்போல அழுக்காக்கினேன். இரண்டு வேகன்களை வரிசையாக வைத்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

குனிந்து பார்த்தார். "நல்லாருக்கு. அழுக்கு போட்டா நீ அடிச்ச பெயிண்டோட கோணல் தெரியல, இல்ல?"

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை, முன்னிருந்து பின்வரை, எல்லா இடத்திலும் ஒரே பழுப்பு. எஞ்சினையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதிலும் அதே பழுப்புதான், ஒரு மூலையை விடாமல்.

அந்த வருஷம் பள்ளி விடுமுறை தொடங்கிய சமயம், அண்ணனின் மகள் கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வருகிறாள் என்று அண்ணி சொன்னார். அண்ணிக்கு முழங்கால் வலி. "நீ அவருகூடப் போயிட்டு வா, அவ சாமான் நெறைய கொண்டாருவா" என்றார். சாமான் தூக்க அண்ணனுக்கு ஆள் வேண்டுமா என்ன? அண்ணியின் திட்டம் எனக்குப் புரிந்தது. அண்ணனுக்கும் புரிந்திருக்கும். சுங்கைப்பட்டாணி போய்ச் சேரும்வரை இருவரும் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே போனோம்.

ரயில் தாமதம் என்றார்கள். டிக்கெட் இல்லாதவர்களைப் பிளாட்பாரத்துக்கு விடமாட்டார்கள் என்பதால், காடி நிறுத்தும் இடத்தில் வேலியோரம் நின்றோம். வெயில் சாய்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் வடக்கிலிருந்து ஒரு சரக்கு ரயில் மெதுவாக வந்து, எங்களுக்கு நேர் எதிரே பக்கத் தண்டவாளத்தில் நின்றது. பயணி ரயிலுக்கு வழி விடுவதற்காக இருக்கும். மஞ்சள் எஞ்சின். அதன் உறுமலில் வேலிக் கம்பி அதிர்ந்தது.

நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். காடிக்கு விலை சொல்லும்போது பார்ப்பாரே, அப்படி. வேலியோரமாக எஞ்சினின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். திரும்பி வந்தார்.

"தங்கச்சி, இங்க வா."

போனேன்.

"அங்க பாரு. டேங்க் மூடிக்குக் கீழ. எண்ணெ வழிஞ்ச கோடு. அந்த எடத்துல மட்டுந்தான் இருக்கு. மழத்தண்ணி எங்க ஓடுதோ அங்கதான் கறை. கூரைக்குப் பக்கம் மஞ்சளே வெளுத்துப்போச்சு, வெயிலு. கீழ வர வர மஞ்சள் அப்படியே இருக்கு. நீ போட்டது எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி லா. அழுக்குன்னா அதுக்கு ஒரு வழி இருக்கணும்ல?"

"ஆமாண்ணே. நானும் பாத்தேன். பெயிண்டு கோணல மறைக்கப் பூசிப் பழகிட்டேன். ஒங்க பெயிண்டுல மறைக்க ஒண்ணும் இல்ல."

அவர் விரலைக் கீழே இறக்கிச் சக்கரங்களைக் காட்டினார். "அது துருதானே? அதுகூட ஒழுங்கா எடுக்கல பாரு."

"துரு இல்லண்ணே. பிரேக் புடிக்கிறப்ப தேயுற தூளு. எல்லா வண்டியிலயும் சக்கரத்துக்கிட்ட அந்தப் பழுப்பு இருக்கும்."

"ஓ." குனிந்து பார்த்தார். "துருன்னு நெனச்சு ஒருத்தன் இத உப்புத்தாள் வச்சுத் தேச்சுருப்பான்." இருவரும் சிரித்தோம்.

பிறகு அவர் சட்டென்று வேலியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். டிரைவர் அறைக் கதவுக்குப் பக்கத்தில், ஒரு தட்டு அளவுக்கு மஞ்சள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. கொஞ்சம் அடர்த்தி, கொஞ்சம் புதுசு.

"ஒட்டு போட்டிருக்கான்" என்றார். குரல் மாறியிருந்தது. "எங்கயோ இடிச்சு, பட்டி வச்சு, அடிச்சிருக்கான். ஓரம் நல்லாத் தேச்சிருக்கான் பாரு, மேடு தெரியல. கலருதான் சேரல. சேராது லா. வெளுத்துப்போன மஞ்சளுக்குப் பக்கத்துல டின்னுல இருக்குற மஞ்சள் எப்படிச் சேரும்? அவனுக்கும் தெரிஞ்சிருக்கும். வண்டி நிக்க நேரமில்லாம எடுத்துட்டுப் போயிருப்பானுங்க."

நான் அந்த எஞ்சின்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், படம் எடுத்திருக்கிறேன். அந்த ஒட்டை நான் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பது எனக்குத் தெரிந்திருக்காது. அண்ணன் ஒரு தெரிந்தவனைப் பற்றிப் பேசுவது போலப் பேசிக்கொண்டே போனார். பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியை எவ்வளவு தூரத்தில் பிடித்திருப்பான், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியிருப்பான் என்றெல்லாம்.

பயணி ரயில் வந்ததும் போனதும் எங்களுக்கு உறைக்கவில்லை. "பா! எவ்ளோ நேரமா போன் அடிக்கிறேன்?" என்று பின்னாலிருந்து சத்தம். இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு மகள் நின்றாள். "ரெண்டு பேரும் வேலிகிட்ட என்ன பண்றீங்க?"

"பெயிண்டு பாக்கிறோம்" என்றார் அண்ணன்.

திரும்பும் வழியில், எஞ்சினைச் சுரண்டிவிட்டுத் தருகிறேன், மறுபடி பளபளவென்று அடித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். "வேணாம். அது அப்படியே கெடக்கட்டும். வேகன் வச்சிருக்கறதா சொன்னாரே ஒன் வீட்டுக்காரரு, அதக் கொண்டா" என்றார். என் வீட்டுக்காரர் இதையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தேவாலயம் போய்வந்து பசியாறிய பிறகு, கொட்டகையில் ஒரு மூலை எங்களுடையதாக ஆனது. எனக்கு ஷிப்ட் இருந்தால் கிடையாது. நான் வேகனின் கம்பிகளையும் ஏணிகளையும் மாட்டிக்கொண்டு போவேன், அவர் அடிப்பார். காய்ந்ததும் இருவரும் உட்கார்ந்து, தண்ணீர் எங்கே விழும், எங்கே தேங்கும், சிமெண்ட் எந்த மூடியிலிருந்து சிந்தும் என்று பேசுவோம். சில சமயம் பேசியதே அதிகம், செய்தது குறைவு. கறையை நான்தான் வைப்பேன், முன்பு பூசியதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நான் தூரிகையை எடுத்ததும் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவார். "முடிஞ்சா கூப்பிடு" என்பார். இன்றுவரை அவர் பார்க்கும்போது நான் கறை வைத்ததில்லை.

ஒரே ஒரு தடவை, ஒரு சிமெண்ட் வேகனில் தானே ஒரு ஒட்டு போடுகிறேன் என்றார். சேராத நிறத்தில். சாம்பல் நிறத்தைக் கலக்கினார், தொட்டுப் பார்த்தார், கலக்கினார். கலக்கும்போதெல்லாம் கை தானாகச் சரியான நிறத்துக்கே போனது.

"சேராத கலருக்கு இவ்வளவு நேரமாண்ணே?"

"ஒனக்குச் சொன்னா புரியாது" என்றார், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டே. கடைசியில் அன்று அது முடியவில்லை. அடுத்த வாரம்தான் முடிந்தது. நகத்தின் அளவுகூட இல்லாத ஒட்டு, பார்த்தால் கண்ணை உறுத்தும். அவர் அதை மூன்று பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று தலையாட்டினார்.

இப்போது எஞ்சினும் வேகன்களும் எங்கள் கூடத்தில் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. ஓடாமல் விட்டால் மசகு இறுகும் என்பதால் மாதம் ஒரு முறையாவது எடுத்து ஓட்டுகிறேன். ஓட்டுவதற்கு முன்னால் சக்கரங்களைத் துடைக்க வேண்டும். மென்மையான தூரிகையால் மேலே படிந்த தூசியைத் தட்ட வேண்டும். நான் வரைந்த தூசிக்கு ஒன்றும் ஆகாமல், வீட்டில் சேர்ந்த தூசியை மட்டும் எடுப்பது பொறுமையான வேலை. வேகன்களில் ஒன்றை மட்டும் அழுக்காக்க வேண்டாம் என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். பட்டறையில் புதுப்பித்து அன்றைக்குத்தான் வெளியே விட்டது என்று வைத்துக்கொள் என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. நிஜமான சரக்கு ரயிலிலும் அப்படி ஒன்று இருக்கும்.

போன மாதம் ஓட்டியபோது அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். கறை படிந்த எஞ்சின், கறை படிந்த வேகன்கள், நடுவில் அந்த ஒன்று மட்டும் மின்னிக்கொண்டு போனது. என் வீட்டுக்காரர் பால் இல்லாத தேநீர், தே ஓ, கலக்கிக் கொண்டுவந்தார். அண்ணன் குவளையை வாங்கிக்கொண்டு மேசைப் பக்கம் குனிந்து, ரயில் வளைவில் திரும்பும்வரை பார்த்தார்.

"மெதுவா ஓட்டு தங்கச்சி" என்றார். "சரக்கு வண்டி லா, இவ்ளோ வேகமாப் போவாது."

வேகத்தைக் குறைத்தேன்.